உளநூல் பயிலப் போகும் மாணாக்கர்

பிறர் நெஞ்சில் ஓடுவதைக் கண்டு சொல்லும் வித்தை ஒன்று உண்டென்றும், அதனைப் பல்கலைக் கழகத்தில் கற்பிக்கின்றனர் என்றும் நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். உளநூல் பயிலும் மாணவி ஒருத்தி கலியாண வீட்டிற்குச் சென்றால், "நான் இப்போது என்ன நினைக்கிறேன், சொல் பார்ப்போம்" என்று உறவினர் எவரேனும் கேளாமல் விடுவதில்லை. பாவம், அவளோ புள்ளியியல் வகுப்பில் கொடுத்த கணக்கு முடியவில்லையே என்ற கவலையில் இருப்பாள்.

கணக்கிற்கு அஞ்சிக் கலைத்துறைக்கு வந்து, உளநூலைத் தேர்ந்தெடுக்கும் மாணாக்கர் பலர். அவர்கள் முதலாண்டிலேயே திகைத்துப் போகின்றனர். மனத்தைப் பற்றிய பாடத்தில் சராசரிக்கும் விழுக்காட்டிற்கும் என்ன வேலை? இவ்வினாவிற்கு விடை தெரிந்தால், அப்பட்டப் படிப்பு எத்தகையது என்பதில் பாதி விளங்கிவிடும்.

உளநூல் நெடுங்காலம் மெய்ப்பொருளியலின் ஒரு கிளையாகவே இருந்தது. 1879-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வூண்ட் என்னும் பேராசிரியர் சோதனைச்சாலை ஒன்றை அமைத்த பின்னரே அது தனித்துறையாக வளரத் தொடங்கிற்று. இந்தியாவில் கல்கத்தாப் பல்கலைக் கழகம் 1916-இல் இதற்கெனத் துறை கண்டது. மலேசியத் தேசியப் பல்கலைக் கழகத்தில் 1979-இலும், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக் கழகத்தில் 1986-இலும் இப்படிப்பு தொடங்கியது.

மனத்தை அளக்க முடியுமா என்று ஐயுறுவோர் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானியர் செய்த வேலையை நோக்குக. பொருளற்ற அசைகளைக் கோவையாகத் தொகுத்து, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். சிறிது காலம் கழித்து அதே கோவையை மீண்டும் பயின்று, இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சமாயிற்று என்று கணித்தார். மிச்சமான நேரமே நினைவில் எஞ்சியதன் அளவு. ஒரு மணி நேரத்திற்குப் பின் 44 விழுக்காடு எஞ்சியது. ஒரு நாளைக்குப் பின் 34. 31 நாள் கழிந்த பின்னும் 21 விழுக்காடு இருந்தது. மறதி முதல் நாளிலேயே விரைந்து வந்து, பின்னர் மெல்ல நடக்கிறது என்பதை 1885-இல் அவர் வெளியிட்ட நூல் காட்டிற்று. பாடத்தைத் தேர்வுக்கு முந்தின வாரம் வரை திரும்பிப் பாராத பள்ளிகள் இவ்வெண்களைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

இரண்டாம் ஆண்டில் மாணாக்கர் பெரும்பாலும் சந்திக்கும் ஆராய்ச்சி ஒன்று 1974-இல் அமெரிக்காவில் நடந்தது. எலிசபெத் லாப்டஸ், ஜான் பால்மர் என்னும் இருவர், கார் விபத்துகளைக் காட்டும் படத்துண்டுகளை 45 மாணவர்க்குத் திரையிட்டனர். பின்னர், கார்கள் எவ்வளவு வேகத்தில் சென்றன என்று கேட்டனர். எல்லார்க்கும் வினா ஒன்றே. வினைச்சொல் மட்டும் வேறு. கார்கள் "நொறுங்க மோதியபோது" என்று கேட்கப்பட்டவர் சராசரியாக மணிக்கு 40.8 மைல் என்றனர். "தொட்டுக்கொண்டபோது" என்று கேட்கப்பட்டவர் 31.8 மைல் என்றனர். அடுத்த சோதனையில் 150 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று வினவினர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஆயினும் "நொறுங்க மோதிய" என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். "இடித்த" என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் எழுவரும், வேகம் பற்றி ஒன்றுமே கேட்கப்படாத 50 பேரில் அறுவரும் அவ்வாறு கூறினர்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்ட சொல் கண்ட காட்சியோடு கலந்துவிட்டது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்வோர்க்கும், "நீதானே எடுத்தாய்?" என்று பிள்ளையை மிரட்டிக் கேட்போர்க்கும் இதில் பாடம் இருக்கிறது. ஆனால் பேராசிரியர் அத்துடன் விடுவதில்லை. 16-க்கும் 7-க்கும் உள்ள வேற்றுமை தற்செயலாக வந்திருக்கலாகாதா என்று கேட்பார். அதற்கு விடை சொல்லவே புள்ளியியல் தேவைப்படுகிறது. தன் கருத்துக்குத் தானே மயங்காதிருக்க உளநூலார் கட்டிக்கொண்ட வேலி அது. அவ்வேலியும் சில இடங்களில் ஓட்டை என்பது பின்னர் வெளிப்பட்டது. பெயர் பெற்ற இதழ்களில் வந்த 100 ஆய்வுகளை வேறு ஆராய்ச்சியாளர் மீண்டும் செய்து பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 36 விழுக்காட்டு ஆய்வுகளிலேயே முந்திய முடிவு உறுதியாகத் திரும்பக் கிடைத்தது. இதனை மறைக்காமல் முதலாண்டு மாணாக்கர்க்கே எடுத்துரைக்கும் துறையை மதிக்கத்தான் வேண்டும்.

நுண்ணறிவுத் தேர்வின் வரலாறு இதனினும் கசப்பானது. பிரான்சு நாட்டில் ஆல்பிரட் பினே என்பவர், பள்ளியில் தனி உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டறியச் சைமன் என்பவருடன் சேர்ந்து 1905-இல் ஒரு தேர்வு முறையை வகுத்தார். குழந்தையின் அறிவு மாறாத அளவுடையது என்னும் கொள்கையை அவர் எதிர்த்தார். பயிற்சியால் அது வளரும் என்றார். அவர் 1911-இல் மறைந்தார். அத்தேர்வை அமெரிக்காவிற்குக் கொண்டு சென்ற கோடார்டு என்பவர், 1913-இல் நியூயார்க்குத் துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கிய குடியேறிகளிடம் அதை நடத்தச் செய்தார். நெடும்பயணத்தால் களைத்து, அந்நாட்டு மொழியும் வழக்கமும் அறியாத ஏழை மக்கள் அவர்கள். மொழிபெயர்ப்பாளர் வழியே வினாக்கள் கேட்கப்பட்டன. சோதிக்கப்பட்டோர் தொகை சிறிதே. எனினும் அவர்களுள் ஐவரில் நால்வர் அளவினர் அறிவு குன்றியோர் என்று கணக்கு வந்தது. பிற்காலத்தில் கோடார்டு தம் கொள்கைகள் சிலவற்றைக் கைவிட்டார். ஆனால் ஒட்டப்பட்ட பெயர்ச்சீட்டு அவ்வளவு எளிதில் உரிவதில்லை. வீட்டில் ஒரு மொழி, தேர்வுத் தாளில் வேறொரு மொழி என்று வளரும் பிள்ளைகள் நிறைந்த இந்நாடுகளில், "மந்தம்" என்று ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே எழுதுமுன் இவ்வரலாற்றைப் படித்திருத்தல் நன்று.

இங்கே மற்றொரு வினா எழுகின்றது. பாடநூல் மனித மனம் என்று கூறுவது எவருடைய மனம்? 2003 முதல் 2007 வரை அமெரிக்காவின் தலைசிறந்த உளநூல் இதழ்கள் ஆறில் வந்த ஆய்வுகளை ஒருவர் எண்ணிப் பார்த்தார். ஆய்வுக்கு உட்பட்டோரில் 96 விழுக்காட்டினர் மேலை நாட்டினர். அந்நாடுகளில் வாழ்வோர் உலக மக்களுள் 12 விழுக்காடு மட்டுமே. அவர்களுள்ளும் பலர் கல்லூரி மாணாக்கர். கையருகே கிடைப்பவர் அவர்கள் அல்லரோ!

இவ்வையம் புதிதன்று. நீலகிரியில் வாழும் தோடரிடையே ஆராய்ச்சி செய்த ரிவர்ஸ் என்னும் ஆங்கிலேயர், கண்மயக்குக் கோடுகளையும் உடன் கொண்டு சென்றார். நீளம் ஒத்த இரு கோடுகளில் ஒன்றன் முனைகளில் அம்புத்தலை உள்நோக்கி மடிந்திருக்கும். மற்றதில் வெளிநோக்கி விரிந்திருக்கும். விரிந்தது நெட்டையாகத் தோன்றும். அம்மயக்கம் ஆங்கிலேயரைக் காட்டிலும் தோடரிடம் குறைவாகக் காணப்பட்டது என்று 1905-இல் அவர் எழுதினார். காரணம் பற்றி அறிஞர் இன்றும் வழக்கிடுகின்றனர். எனினும், கண்ணால் காண்பதிலும் மக்களிடையே வேறுபாடு இருக்கலாம் என்றால், துயரம், நாணம், கடமை போன்றவற்றைச் சொல்லவும் வேண்டுமோ?

பிழைப்பு எப்படி என்று கேட்கும் பெற்றோர்க்கு ஒன்று கூறலாம். மனநோய்க்கு மருந்து எழுதுபவர் மருத்துவக் கல்வி முடித்தவர். உளநூல் பட்டதாரி மருத்துவர் அல்லர். மலேசியாவில் மருத்துவமனையில் உளநூலாராகப் பணிபுரிய முதுநிலைப் பட்டமும் பயிற்சியும் வேண்டும். ஆலோசகர் என்று பெயர் இட்டுக்கொள்ளவும் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். இளநிலைப் பட்டம் முதற்படி மட்டுமே. அதனோடு நிற்போர் அலுவலகங்களில் ஆட்சேர்ப்பு, பயிற்சி, சந்தை ஆய்வு, சமூகநலம் ஆகிய வேலைகளுக்குச் செல்கின்றனர்.

இறுதியாண்டில் மாணாக்கர் பலரும் சிறியதோர் ஆராய்ச்சியைத் தாமே செய்கின்றனர். தமிழ் மூதாட்டியரிடம் மனச்சோர்வு பற்றிக் கேட்க விரும்பும் ஒரு மாணவி, ஆங்கில வினாத்தாளை அப்படியே மொழிபெயர்த்தால் இடர்ப்படுவாள். ஆங்கிலத்தில் சோர்வை நீல நிறத்தின் பெயரால் குறிப்பது வழக்கு. தமிழில் நீலம் என்றால் கிழவி தன் சேலையைப் பார்ப்பாள். ஆகவே ஒருவர் தமிழாக்கியதை, மூலத்தைக் காணாத இன்னொருவர் மீண்டும் ஆங்கிலமாக்குவர். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவர். அப்போதும் குறை தீராது. "மனம் சோர்ந்திருக்கிறதா?" என்றால் இல்லை என்று தலையசைக்கும் பாட்டி, "நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு, சோறு இறங்க மாட்டேங்குது, ராத்திரி தூக்கமில்லை ஆயா" என்று தானாகவே சொல்லத் தொடங்குவாள். அம்மூன்றையும் வினாத்தாளில் எந்த எண்ணின் கீழ்ச் சேர்ப்பது என்பதை அந்த மாணவிதான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு அவளுடைய பாடநூலில் விடை அச்சாகியிருப்பதில்லை.