வீட்டுக் கணக்கும் வாழ்வின் இன்பமும்

அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டம் வெளியாகும் நாளன்று நம் நண்பர்களிற் பலர் அதனை வரி வரியாகப் படித்து, எந்த இலாகாவுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று அளந்து வாதாடுகின்றனர். இது மெச்சத்தக்கதே. ஆயினும் அதே நண்பர்களிடம், சென்ற மாதம் உங்கள் வீட்டில் பாலுக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டால் பெரும்பாலோர் விழிக்கின்றனர். அதெல்லாம் வீட்டிலுள்ளவர்களுக்குத்தான் தெரியும் என்று நகைத்து நழுவுகின்றனர். கோடிகளுக்குக் கணக்குக் கேட்பவர் தம் வீட்டு நூறு ரூபாய்க்குக் கணக்கறியாதிருப்பது விந்தையிலும் விந்தையன்றோ?

இதனை அற்ப விஷயமென்று எவரும் தள்ளிவிட வேண்டாம். பொதுக் காரியத்தில் இறங்கியவனுக்கு முதல் மூலதனம் அவனது சுதந்திரமான நாக்கு. கடன்பட்டவன் நாக்கோ கட்டுண்ட நாக்கு. ஊர்க் கண்மாயை ஒரு செல்வர் வளைத்துக் கொண்டாரென்று வைத்துக் கொள்வோம். அவரிடம் மகள் கலியாணத்துக்குக் கைமாற்று வாங்கியவன் ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று என்ன பேசுவான்? பேசமாட்டான். அன்று அவனுக்குத் தலைவலி வந்துவிடும். ஆகவே வீட்டுக் கணக்கு என்பது அடுக்களையோடு நின்றுவிடும் விவகாரமன்று; மனிதனுடைய மானத்தோடும் ஊருடைய நன்மையோடும் பிணைந்தது.

சிக்கனம் என்ற சொல்லைக் கேட்டதுமே சிலர் முகம் சுளிக்கின்றனர். நெய்யில்லாச் சோறும், விளக்கில்லாத் திண்ணையும், திருநாளற்ற வருஷமும் அவர்கள் கண்முன் தோன்றுகின்றன. அது சிக்கனமன்று, லோபம். லோபி பணத்தைக் காக்க வாழ்வை விடுகிறான். ஊதாரி இன்றைய இன்பத்துக்காக நாளையை விற்கிறான். சிக்கனமுள்ளவனோ எது தனக்கு மெய்யாகவே இன்பந் தருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு, அதற்குப் பணம் ஒதுக்கி, இன்பந் தராத செலவை வெட்டுகிறான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னதன் பொருளும் இதுவே. போடாதே என்று அவர்கள் சொல்லவில்லை. அளந்து போடு என்றே சொன்னார்கள்.

இதற்குக் காந்தியடிகளின் வாழ்க்கையே சான்று. 1888 முதல் 1891 வரை லண்டனில் சட்டம் பயின்ற காலத்தில் அவர் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைத்தார். வண்டிக் கூலி, தபால் தலை, பத்திரிகைக்குக் கொடுத்த சில்லறை யாவும் ஏட்டில் ஏறின. இரவில் படுக்குமுன் கணக்கை நேர்செய்த பின்னரே உறங்கினார். கணக்கைப் பார்த்துச் செலவைக் குறைக்கத் துணிந்து, வண்டியை விட்டு நடந்தார். பிறகு ஒரே அறைக்குக் குடிபெயர்ந்து, காலை உணவைத் தாமே சமைத்துக் கொண்டார். இதனால் வாழ்வு வறண்டு போயிற்றென்று அவர் எழுதவில்லை. தம் உள்ளம் அளவற்ற மகிழ்ச்சி அடைந்ததென்றே சுயசரிதத்தில் எழுதினார். பின்னாளில் லட்சக் கணக்கான பொதுப் பணம் தம் கையில் புழங்கியபோதும் கடனின்றி மிச்சம் காட்ட முடிந்ததற்கு அந்தப் பழக்கமே காரணமென்றும் குறிப்பிட்டார். அறைக் கணக்கைக் காத்த கைதான் பின்பு இயக்கத்தின் கணக்கையும் காத்தது.

இக்காலத்தில் பணம் கையை விட்டுப் போகும் வழிகள் பெருகிவிட்டன. முன்பு மடியை அவிழ்த்து நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது மனம் ஒரு கணம் உறுத்தும். இன்று கைப்பேசியை நீட்டினால் போதும், உறுத்த நேரமில்லை. கடன் அட்டைகளின் வட்டியைப் பாருங்கள்: மாதம் நூற்றுக்கு மூன்றரை ரூபாய் என்பது அவற்றிற் சாதாரணம். அந்த விகிதத்தில் 10,000 ரூபாய் பாக்கி ஓராண்டு தீர்க்கப்படாமல் நின்றால், வட்டிக்கு வட்டி ஏறி 15,000 ரூபாயைத் தாண்டும். கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் கடன் வாங்க நீளும் கையை எந்தச் சட்டமும் பிடித்து நிறுத்தாது. கணக்குப் புத்தகம் ஒன்றே அதனைச் செய்யும்.

மத்திய அரசாங்கம் 2023-24-இல் நடத்திய குடும்பச் செலவு ஆய்வு ஓர் உண்மையைக் காட்டுகிறது. நகரத்துக் குடும்பம் செலவிடும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஏறக்குறைய 40 ரூபாய் உணவுக்குப் போகிறது. கிராமத்தில் 47 ரூபாய். நகரத்தின் அந்த 40 ரூபாயில் மிகப் பெரிய பங்கு பாலுக்கோ காய்கறிக்கோ அன்று; பானங்களுக்கும் கடையில் தயாரித்து விற்கும் பண்டங்களுக்கும் ஏறக்குறைய 11 ரூபாய் போகிறது. நாளொன்றுக்குத் தேநீர்க் கடையில் நண்பர்களுக்கும் சேர்த்து 60 ரூபாய் கொடுப்பவர் ஆண்டுக்கு 21,900 ரூபாய் கொடுக்கிறார். அக்கடையின் பெஞ்சில் நடக்கும் அரசியல் பேச்சை நாம் ஒழிக்கச் சொல்லவில்லை. அதுவும் வாழ்வின் இன்பங்களில் ஒன்றே. செலவைக் கணக்கில் எழுதுங்கள். முறை வைத்துக் கொடுங்கள் என்றே சொல்கிறோம்.

கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாயார் என ஐவருள்ள ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 40,000 ரூபாய் என்று கொள்வோம். சம்பளம் வந்த அன்றே 4,000 ரூபாயைச் சேமிப்புக்கு எடுத்து வைத்துவிட வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிப்போம் என்பவர் ஒருநாளும் சேமித்ததில்லை. பிறகு வீட்டு வாடகை 9,000, உணவு 13,000, பள்ளிச் செலவு 5,000, மின்சாரம், எரிவாயு, தொலைபேசிக்கு 2,000, போக்குவரத்துக்கு 2,000, மருந்துக்கு 1,500. திருநாளுக்கும் உறவினர் வீட்டு விசேஷத்துக்கும் 1,500. இன்பச் செலவு என்று தனித் தலைப்பிட்டு 2,000. கூட்டினால் சரியாக 40,000 ஆகிறது. தொகைகள் வீட்டுக்கு வீடு மாறலாம், தலைப்புகள் மாறவேண்டியதில்லை.

இவற்றுள் கடைசி இரண்டு தலைப்புகளே பெரும்பாலான கணக்குகளில் காணப்படாதவை. தீபாவளி புயலைப் போல் திடீரென வருவதன்று. ஓராண்டுக்கு முன்னரே பஞ்சாங்கம் தேதி சொல்லிவிடுகிறது. இருந்தும் ஆண்டுதோறும் அது நம்மைக் கடனில் தள்ளுகிறது. மாதம் 1,500 வீதம் ஒதுக்கினால் ஆண்டில் 18,000 சேரும். அதனைப் பதிவில்லாத சீட்டுக்காரர்களிடம் கொடுத்துப் பிறகு அவர் வீட்டு வாசலில் காத்து நிற்பதைவிட, 1882 முதல் நடந்துவரும் அஞ்சலகச் சேமிப்பில் இடுவது நன்று.

இன்பச் செலவென்று எழுதிய 2,000 ரூபாயை எவரும் மருந்துக்கோ வாடகைக்கோ மாற்றலாகாது. மாதம் ஒருமுறை குடும்பத்தோடு ஒரு நாடகமோ, திரைப்படமோ, கோயிலோ, கடற்கரையோ செல்லட்டும். விலையில்லா இன்பங்களும் நம்மைச் சுற்றி உள்ளன. மார்கழியில் சென்னைச் சபைகள் பலவற்றில் பகற் கச்சேரிகளுக்குக் கட்டணமில்லை. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது முதல் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறோம். ஆனால் கிளை நூலகத்தின் படியை மிதியாத வீடுகள் எத்தனை! வரியும் கொடுத்துப் புத்தகமும் படியாமலிருப்பது எவ்வகைச் சிக்கனம்? ஆனி மாதத்து மலிந்த மாம்பழம், முற்றத்தில் எல்லோருமாய் உட்கார்ந்து பிழியும் முறுக்கு, நிலாச் சோறு ஆகிய இவை தரும் இன்பத்துக்குக் கடன் அட்டை வேண்டுவதில்லை.

முடிவாக ஒன்று. பணம் கொண்டுவருபவர் ஒருவர், இல்லையென்று சொல்லும் சங்கடம் மற்றொருவருக்கு என்ற ஏற்பாடே நம் வீடுகளில் நடந்துவருகிறது. குழந்தை கேட்ட பொம்மைக்கு இல்லையென்பதும், மளிகைக் கடைக்காரரிடம் தவணை கேட்பதும் மனைவியின் தலையில் விழுகின்றன. இது நியாயமன்று. மாதத்தில் ஒருநாள் மாலை கணக்குப் புத்தகத்தை நடுவில் வைத்து, கணவனும் மனைவியும், எழுதப் படிக்கத் தெரிந்த குழந்தைகளும் சுற்றி உட்காரட்டும். இந்த மாதம் எது நமக்கு மகிழ்ச்சி தந்தது, எது வீணாயிற்று என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். ஒளிக்காமல் பேசும் வீட்டில் இல்லையென்ற சொல்லும் சுடுவதில்லை.

பொது மேடையில் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதனைக் கம்பீரமாகக் கேட்க வேண்டுமாயின், நேயர்களே, வருகிற முதல் தேதியன்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முதல் வரியாக அதன் விலையையே எழுதுங்கள்.