வெளியே செல்லப் பயமா? அடிக்கடி வயிற்றோட்டம் உள்ள சகோதரிகளுக்கு

கல்யாண வீட்டுக்குப் போனதும் நீங்கள் முதலில் தேடுவது மணப்பெண்ணையா, மலசலகூடத்தையா? இதைப் படித்துச் சிரிப்பு வந்தால் உங்களுக்குச் சுகமான வயிறு. சிரிப்பு வராமல் நெஞ்சு திக்கென்றால் இக்கட்டுரை உங்களுக்குத்தான்.

எனக்குத் தெரிந்த ராத்தா ஒருவர் இருக்கிறார். பஸ் பயணம் என்றால் முதல் நாளே சாப்பாட்டை நிறுத்திவிடுவார். கல்முனையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் வருவதை நினைத்தாலே அவருக்கு வயிறு கலங்கும். கொழும்பில் மகளுக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள் ஆகியும் அவர் போகவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் முழங்கால் வலி என்று சொன்னார். முழங்கால் வலியைச் சபையில் சொல்லலாம், வயிற்றோட்டத்தைச் சொல்ல முடியுமா? மகளோ, உம்மாவுக்குத் தன்மேல் ஏதோ மனக்குறை என்று எண்ணிவிட்டாள்.

அடிக்கடி வரும் வயிற்றோட்டத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் மிகப் பரவலான ஒன்று ‘இரிட்டபிள் பவல் சின்ட்ரோம்’. வைத்தியர்கள் சுருக்கமாக ஐ.பீ.எஸ். என்பார்கள். இதில் குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது. குடலின் அசைவும், அதன் நரம்புகளின் உணர்வும் அளவுக்கு மிஞ்சிப் போகின்றன. சாப்பிட்டதும் பெருங்குடல் அசைவது எல்லோருக்கும் உள்ள இயல்பு. இவர்களுக்கோ கடைசிப் பிடிச் சோறு வாய்க்குப் போகுமுன் எழும்பி ஓடவேண்டியிருக்கிறது. ஆண்களை விடப் பெண்களுக்கே இது அதிகம். மாதவிடாய் நாட்களில் பலருக்கு இன்னும் கூடும். கடுமையான வயிற்றோட்டம் ஒன்று வந்து சுகமான பின்னர் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது ஆரம்பிப்பதுண்டு.

‘ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம், எல்லாம் மனப்பிரமை’ என்று மாமியும் மச்சியும் சொல்லக்கூடும். அது தவறு. மூளைக்கும் குடலுக்கும் இடையே நரம்புத் தொடர்பு உண்டு. பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு வயிறு கலங்குவது நடிப்பல்லவே! கவலை இந்நோயைக் கூட்டும் என்பது உண்மை, ஆனால் நோய் கற்பனை அல்ல.

2016இல் வெளியான ‘ரோம்’ அளவுகோலின் நான்காம் பதிப்பின்படி, கடந்த மூன்று மாதங்களாக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்கவேண்டும். மலங்கழித்தல், மலம் போகும் தடவை மாறுதல், அதன் தன்மை மாறுதல் ஆகிய மூன்றில் இரண்டோடாவது அந்த வலி தொடர்புபட்டிருக்கவேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்கவேண்டும். வலியே இல்லாமல் ஓட்டம் மட்டும் இருந்தால் வேறு காரணத்தைத் தேடவேண்டும்.

இங்கேதான் நம் பெண்கள் பலர் பிழை விடுகிறார்கள். பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் உடல் மெலிதல், காய்ச்சல், இரத்தச்சோகை, நித்திரையிலிருந்து எழுப்பிவிடும் ஓட்டம், ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கிய மாற்றம், குடும்பத்தில் எவருக்கேனும் குடற் புற்றுநோய் – இவற்றில் ஒன்று இருந்தாலும் ஐ.பீ.எஸ். என்று நீங்களாகவே தீர்மானித்துவிடாதீர்கள். வெட்கத்தை ஒதுக்கிவிட்டுச் சொல்லுங்கள். ஆண் வைத்தியரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் பெண் வைத்தியர் உள்ள நாளில் போங்கள், அல்லது ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை, தண்ணீர் போலவா களி போலவா, சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் என்று இரண்டு வாரம் குறித்துக்கொண்டு போனால் வைத்தியருக்குப் பெரிய உதவி. இரத்தப் பரிசோதனை, தைரொயிட் பரிசோதனை, மலப் பரிசோதனை ஆகியவற்றை அவர் எழுதித் தரலாம்.

நீங்கள் விழுங்கும் மாத்திரைகளையும் மறக்காமல் காட்டுங்கள். நீரிழிவுக்கு மெட்போமின் எடுப்பவர்களில் கணிசமானோருக்கு வயிற்றோட்டம் வருகிறது. மக்னீசியம் கலந்த ‘காஸ்ட்ரைட்டிஸ்’ மருந்தும் அப்படியே. பித்தப்பையை அகற்றியவர்களுக்குப் பித்த அமிலத்தாலும் ஓட்டம் வரலாம், அதற்கென்று தனி மருந்து உண்டு.

இனி அடுப்படிக்கு வருவோம். நம் வீட்டுச் சமையலுக்கும் இந்நோய்க்கும் அவ்வளவு ஒத்துப்போகாது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கொச்சிக்காய்த்தூள், பொரித்த எண்ணெய், நெய்ச்சோறு மட்டுமல்ல, உள்ளியும் வெங்காயமும் பலருக்கு ஆகாது. அவற்றிலுள்ள ஒருவகை மாச்சத்துச் சிறுகுடலில் சமிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, வாயுவை உண்டாக்குகிறது. கோதுமை, பருப்பு, கடலை, மாம்பழம், தர்ப்பூசணி, பாலிலுள்ள லக்டோஸ் ஆகியவற்றுக்கும் இதே குணம். இவற்றைக் குறைக்கும் உணவுமுறையை அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தினர் வகுத்தனர். நான்கு முதல் ஆறு வாரம் வரை விட்டுப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது உங்களுக்குப் பகை என்று கண்டுபிடிப்பதே அதன் முறை. ஆயுள் முழுவதும் எல்லாவற்றையும் விடுவதற்கல்ல. கர்ப்பிணிகளும் ஏற்கெனவே மெலிந்தவர்களும் தாமாகவே இதில் இறங்கக்கூடாது.

உள்ளி வாசம் இல்லாமல் கறியா என்று கேட்பீர்கள். அதற்கும் வழியுண்டு. உள்ளியை எண்ணெயில் முழுசாகப் பொரித்து எடுத்து வீசிவிட்டு, அந்த எண்ணெயில் தாளியுங்கள். அந்த மாச்சத்து எண்ணெயில் கரையாது, வாசம் மட்டும் இறங்கும். வெங்காயத்துக்குப் பதில் லீக்ஸின் பச்சை இலைப் பகுதியைப் போடலாம். பால்மா தேத்தண்ணி நாலைந்து தடவை குடிப்பவர்கள் ஒரு வாரம் பிளேன்டீக்கு மாறிப் பாருங்கள். அதுவும் நாளுக்கு மூன்று கோப்பைக்கு மேல் வேண்டாம். சோறு, இடியப்பம், மீன், முட்டை, கோழி, கரட், வாழைப்பழம் ஆகியவற்றால் பொதுவாகத் தொல்லை குறைவு. ஆனால் நன்றாகக் கனிந்து கறுத்த வாழைப்பழம் சிலருக்கு ஆகாது. சீனியில்லாச் சுவிங்கத்திலுள்ள சோபிட்டோலும் வயிற்றை இளக்கும்.

கஷ்டம் வருவது சஹனில்தான். ஐந்தாறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும்போது, ‘ஏன் எடுக்கிறீங்க இல்ல?’ என்று இறைச்சியைப் பிய்த்து உங்கள் பக்கம் வைப்பார்கள். வீட்டில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறுஞ்சோற்றோடு கோழித் துண்டொன்றை எடுத்துக்கொண்டு, ‘எனக்கு வயிற்றுக்கு மருந்து நடக்குது’ என்று சிரித்தபடி சொல்லிவிடுங்கள். ஒரு தரம் சொன்னால் போதும், அடுத்த தரம் அவர்களே விட்டுவிடுவார்கள்.

நோன்பு காலத்தில் பகலில் சிலருக்கு வயிறு அமைதியாக இருக்கும். இப்தாரில்தான் குழப்பம். வெறும் வயிற்றில் பேரீத்தம்பழம் நாலைந்து, கஞ்சி இரண்டு கோப்பை, ரோல்ஸ், பெட்டிஸ் என்று இறக்கினால் தராவீஹ் முடியும்வரை குடல் சும்மா இருக்காது. ஒரு பழம், தண்ணீர், அரைக் கோப்பைக் கஞ்சியோடு நிறுத்தி, தொழுதுவிட்டு மீதியைச் சாப்பிடுங்கள். ஓட்டம் அதிகமாகித் தலைச்சுற்று வந்தால் ஜீவனி போன்ற உப்புக் கரைசல் வேண்டியிருக்கும். அந்நிலையில் நோன்பைப் பற்றியும், உளூ நிலைக்காதபோது தொழுகையைப் பற்றியும் ஆலிம் ஒருவரிடம் கேட்டறியுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை நாமாக மறுப்பது ஏன்?

மருந்துகளைப் பொறுத்தவரை, லோபரமைட் ஓட்டத்தை நன்றாகக் கட்டுப்படுத்தும், வலியை அவ்வளவாகக் குறைக்காது. வெளியே போகுமுன் ஒன்று எடுப்பது பலருக்குத் தைரியம் தருகிறது. ஆனால் இரத்தமோ காய்ச்சலோ இருந்தால் எடுக்கக்கூடாது. அளவு மீறினால் இருதயத் துடிப்பையே குழப்பும், ஆகையால் அளவை வைத்தியர் சொல்லட்டும். வலிக்கு மெபெவெரின் கொடுப்பார்கள், அதைச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் முன் எடுக்கவேண்டும். இஸப்கோல் மலத்துக்கு உருவம் தரும். தவிடு வேண்டாம், அது தொல்லையைக் கூட்டலாம்.

இவற்றுக்கும் அடங்காவிட்டால் வைத்தியர் இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் தரக்கூடும். மனச்சோர்வுக்குரிய மாத்திரையாயிற்றே என்று பயந்து குப்பையில் போடாதீர்கள். இச்சிறு அளவில் அது குடல் நரம்பைத்தான் தணிக்கிறது. இங்கிலாந்தில் 463 பேரிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு முடிவில், வெற்று மாத்திரை எடுத்தவர்களை விட இதை எடுத்தவர்களுக்குத் தொல்லை குறைந்திருந்தது. வாய் உலர்வதும் நித்திரைத் தூக்கமும் வரலாம்.

நான் சொன்ன ராத்தாவுக்குப் பாதித் தொல்லை மெட்போமினால் வந்தது. வைத்தியர் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றியதும் குறைந்தது. மீதி ஐ.பீ.எஸ்.தான், அது இன்னும் இருக்கிறது. பேரப்பிள்ளைக்கு மூன்று மாதமானபோது அவர் கொழும்புக்குப் புறப்பட்டார். முன் வரிசையில் ஓர ஆசனம், கைப்பையில் மாற்று உடுப்பு, தண்ணீர்ப் போத்தல், ஒரு லோபரமைட். பஸ் எங்கெங்கே நிற்கும் என்று நடத்துநரிடம் மகனைக் கேட்கச் சொல்லி எழுதி வைத்துக்கொண்டார். வழியில் ஒரு தரம் இறங்கவேண்டி வந்ததாம். இறங்கி வரும்வரை பஸ் நின்றது. மகளிடம் முழங்கால் கதையின் உண்மையை அன்றிரவே சொல்லிவிட்டார். ‘இதைச் சொல்லவா உம்மா இவ்வளவு நாள்?’ என்று அவள் அழுதாளாம்.