ஓடும் காரில் இணையம்: மறையூர்ப் பாதையில் கற்ற பாடம்



ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் டிப்ளமோ படிப்போடு சேர்ந்து, பல ஊர்களில் வேலை பார்த்து, கடைசியில் பாலக்காட்டில் ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகும் 'இது ஏன் வேலை செய்யவில்லை?' என்று யாராவது எதையாவது கையில் கொடுத்தால் மறுக்க முடிவதில்லை. சென்ற வருடம் அப்படிக் கையில் வந்தது ஒரு கார்!

மாப்பிள்ளை கோவையிலிருந்து புதுக் காரில் வந்திருந்தார். காருக்குள்ளேயே வைஃபை ஹாட்ஸ்பாட் உண்டு. என் தங்கையின் பேத்தி எங்கள் வீட்டில் தங்கிப் பிளஸ் டூ முடித்திருந்தாள். அவளை மறையூரில் பெற்றோரிடம் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. அன்று மாலை ஐந்து மணிக்குள் அவள் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் தனக்குக் கிடைத்த இடத்தை இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். கேரளத்தில் படித்த பிள்ளை என்பதால் நேட்டிவிட்டி சர்டிஃபிகேட்டுக்காக அவள் அப்பா எத்தனை முறை தாலுகா ஆபீஸ் படி ஏறினார் என்பது எங்களுக்குத்தான் தெரியும். அவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம் என்று காலையில் அதைச் செய்யாமல் கிளம்பிவிட்டோம்.

"வழியில் நேரமாகிவிட்டால்?" என்று கேட்டேன்.

"மாமா, வண்டியிலேயே இண்டர்நெட் இருக்கு. எங்கிருந்து வேணும்னாலும் செய்யலாம். நீங்க கவலைப்படாதீங்க" என்றார் மாப்பிள்ளை.

பொள்ளாச்சி தாண்டியதும் டயர் பஞ்சர். உடுமலைப்பேட்டையில் சாப்பாடு. அமராவதி வழியாகச் சின்னாறு சோதனைச்சாவடியை அடைந்தபோது மணி நாலை நெருங்கிவிட்டது. குழந்தை செல்போனை எடுத்தாள். வைஃபை அடையாளம் முழுசாக இருக்கிறது. பக்கம் மட்டும் திறக்கவில்லை. மாப்பிள்ளை ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் திரையைத் தட்ட ஆரம்பித்தார். யானை நடமாடும் காட்டுப் பாதை, வளைவுக்கு மேல் வளைவு. "முதலில் ஓட்டுங்கள் மாப்பிள்ளை, மறையூர் போய்ப் பார்ப்போம்" என்று நிறுத்தினேன். பின் சீட்டில் குழந்தையின் கண் கலங்கிவிட்டது.

மறையூர் வந்ததும் எல்லாச் செல்போனிலும் டவர் வந்தது. ஆனால் கார் வைஃபை வழியாக அப்போதும் இணையம் இல்லை!

பாதி பாதியாகப் பிரித்துப் பார்ப்பது

எங்கள் வேலையில் முதல் பாடம் இது: கோளாறு எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு முன், எங்கே இல்லை என்று உறுதி செய்துகொள். ஒரு நீளமான கேபிளில் பழுது என்றால் ஒரு முனையிலிருந்து தோண்டிக்கொண்டே போவதில்லை. நடுவில் ஓர் இடத்தில் சோதித்து, எந்தப் பாதி நல்லது என்று கண்டுகொண்டு, மீதிப் பாதியை மறுபடி பிரிப்போம்.

கார் இணையத்தையும் மூன்று செக்‌ஷனாகப் பிரிக்கலாம். உங்கள் செல்போனிலிருந்து கார் வரை ஒன்று. காரிலிருந்து டவர் வரை ஒன்று. டவருக்கு அப்பால், கம்பெனியின் கணக்கும் இணையமும் ஒன்று. செல்போனில் தெரியும் வைஃபை அடையாளம் முதல் செக்‌ஷனை மட்டுமே காட்டும். அது முழுசாக இருந்தால் கார் உங்கள் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். காருக்கு டவர் கிடைத்திருக்கிறது என்று அர்த்தமில்லை. பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான்.

மறையூர் கடைத்தெருவில் வண்டியை ஓரங்கட்டினோம். குழந்தையின் செல்போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவைப் போடச் சொன்னேன். பக்கம் உடனே திறந்தது. ஆக, டவர் இருக்கிறது, இணையம் இருக்கிறது, கலந்தாய்வுப் பக்கமும் நல்லபடி இருக்கிறது. பழுது காரின் பங்கில். நாலே முக்காலுக்கு அவள் அப்பாவிடம் போனிலேயே பேசி, பட்டனை அழுத்தி உறுதி செய்தாள். அதன் பிறகுதான் எல்லோருக்கும் டீ.

இரவு வீட்டில் மாப்பிள்ளை காரின் செயலியைத் திறந்து பார்த்தார். வண்டியோடு இலவசமாகக் கொடுத்த ஹாட்ஸ்பாட் டேட்டாத் தொகுப்பு இரண்டு நாள் முன்னரே முடிந்திருந்தது. வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லும் சேவைக்குத் தனிக் கணக்கு; அது பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது?

காருக்குள் ஒரு மோடம், அதில் பதித்த சிம், கூரையில் மீன் துடுப்பு மாதிரி ஓர் ஆன்டெனா. இவ்வளவுதான். தகரக் கூட்டுக்குள் இருக்கும் செல்போனைவிட வெளியே நிற்கும் ஆன்டெனாவுக்குச் சிக்னல் நன்றாகப் பிடிக்கும். ஆகவே டவர் மங்கலான இடத்தில் கார் இணையம் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். டவரே இல்லாத இடத்தில் அதுவும் கைவிரித்துவிடும்.

அமெரிக்காவில் 2014 முதல் ஒரு பெரிய கம்பெனி தன் கார்களில் 4ஜி ஹாட்ஸ்பாட்டைப் பரவலாகக் கொடுத்தது. நம் நாட்டில் 2019-ல் எம்ஜி ஹெக்டர், ஹூண்டாய் வென்யூ போன்ற சிம் பதித்த கார்கள் வந்தன. ஒன்று கவனியுங்கள்: சிம் இருக்கிற கார் எல்லாம் ஹாட்ஸ்பாட் கொடுக்கும் என்று நினைக்க வேண்டாம். பல கார்களில் அந்தச் சிம் வண்டியின் சொந்த வேலைக்கு மட்டும்தான். திருட்டு எச்சரிக்கை, அவசர அழைப்பு, வரைபடம் போன்றவை. சில கார்களில் 'வைஃபை' என்று எழுதியிருப்பது உங்கள் செல்போனிலிருந்து இணையம் வாங்கிக்கொள்ளவே. வாங்கும்போது, "இது இணையம் கொடுக்குமா, வாங்குமா?" என்று நேராகக் கேளுங்கள்.

நம் ரயில்வேயும் இதில் பட்டிருக்கிறது. 2013-ல் ஹவுரா ராஜதானியில் செயற்கைக்கோள் வழியாக வைஃபை சோதனையாகத் தொடங்கியது. செலவுக்குக் கட்டவில்லை என்று திட்டம் கைவிடப்பட்டதாக 2021-ல் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார்கள். ஆனால் 2016-ல் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய ரயில்டெல் நிலைய வைஃபை ஆயிரக்கணக்கான நிலையங்களுக்குப் பரவியது. காரணம் எளிது. நிலையம் ஒரே இடத்தில் நிற்கிறது, அதற்குத் தண்டவாளத்தின் ஓரமாகவே கண்ணாடி இழைக் கேபிள் வருகிறது. ஓடும் வண்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

எல்லையில் வசிப்பவர்களுக்கு

வாளையார், கோபாலபுரம், குமுளி, போடிமெட்டு, சின்னாறு பக்கம் போகும் நமக்குத் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. தொலைபேசிக் கம்பெனிகளுக்குக் கேரளம் ஒரு வட்டம், தமிழ்நாடு ஒரு வட்டம். கேரளச் சிம் வைத்திருக்கும் நீங்கள் குமுளியில் நின்றாலும், செல்போன் மலைக்குக் கீழே உள்ள தமிழ்நாட்டு டவரைப் பிடித்துக்கொள்ளலாம். அப்போது 'டேட்டா ரோமிங்' அணைந்திருந்தால் பேச்சு வரும், இணையம் வராது. செல்போனின் அமைப்புகளில் அதைப் போட்டு வையுங்கள். காரில் அப்படி ஓர் அமைப்பு இருந்தால் அதையும் பாருங்கள்.

இரண்டாவது, மலை. பாலக்காட்டுக் கணவாய் திறந்த வெளி. காற்று வருவதுபோல் சிக்னலும் வரும். இடுக்கியில் ஒரு முகடு திரும்பினால் டவர் மறைந்துவிடும். 2022 அக்டோபரில் நம் நாட்டுக்கு வந்த 5ஜி பெரும்பாலும் உயர்ந்த அலைவரிசையில் ஓடுவது. வேகம் அதிகம், எட்டும் தூரம் குறைவு. மலையில் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவி இணையம் அறுந்தால், '4ஜி மட்டும்' என்று வைத்துப் பாருங்கள்.

கோளாறு வந்தால் இந்த வரிசையில் பாருங்கள்

1. வண்டியைப் பத்திரமான இடத்தில் நிறுத்துங்கள். காட்டுக்குள்ளும் வளைவிலும் வேண்டாம். எஞ்சின் அணைந்தால் பல கார்களில் சிறிது நேரத்தில் ஹாட்ஸ்பாட்டும் அணைந்துவிடும்.

2. கார்த் திரையில் டவர் கோடுகள் இருக்கின்றனவா? இல்லையென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். சில கிலோமீட்டர் போய்ப் பாருங்கள்.

3. டவர் இருந்தும் இணையம் இல்லையா? வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் முயலுங்கள். அது வந்தால் பழுது காரின் பங்கில். தொகுப்புத் தேதியையும் மீதி டேட்டாவையும் பாருங்கள்.

4. ஒரு செல்போனில் மட்டும் வரவில்லையா? அதில் அந்த வைஃபையை 'மறந்துவிடு' என்று கொடுத்து, பாஸ்வேர்டை மறுபடி அடியுங்கள். பழைய செல்போனுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தெரியாது; காரில் 2.4-க்கு மாற்றுங்கள். ஏற்கெனவே எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள் என்றும் எண்ணுங்கள். அதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு.

5. யாருக்கும் வரவில்லை, தொகுப்பும் சரி என்றால் காரின் திரையை அணைத்துப் போடுங்கள். முறை வண்டிக்கு வண்டி வேறு, கையேட்டில் இருக்கும். எல்லாவற்றையும் அழித்துவிடும் 'ஃபாக்டரி ரீசெட்' கடைசி மருந்து. வழியில் அதைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. வைஃபை என்றதும் செல்போன் அதை வீட்டு இணையம் என்று நினைத்துக்கொண்டு, போட்டோக்களை மேலே ஏற்றும், செயலிகளைப் புதுப்பிக்கும். ஒரு பயணத்திலேயே தொகுப்பு காலி! கார் வைஃபையை 'அளவிடப்பட்ட இணைப்பு' என்று குறித்து வையுங்கள். காரோடு வந்த பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

கருவியை நம்பலாம், அதை மட்டும் நம்பக் கூடாது

காரின் சிம்மை நினைத்தபடி கழற்றி வேறு கம்பெனிக்கு மாற்ற முடியாது. அதனால் வண்டியில் இருப்பவர்களிடம் இரண்டு கம்பெனிச் சிம்களாவது இருக்கட்டும். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவது, அதற்கு டவர் தேவையில்லை. உங்கள் கம்பெனியின் டவர் இல்லாவிட்டாலும் வேறு எந்தக் கம்பெனியின் சிக்னல் இருந்தாலும் 112-க்கு அழைப்பு போகும். மலை ஏறுமுன் 'இத்தனை மணிக்குள் வந்து சேர்வோம்' என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகும் பழைய வழக்கத்தையும் விட வேண்டாம்.

இதை எழுதும்போது பெட்டிமுடி நினைவுக்கு வராமல் இல்லை. 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு மூணாறுக்கு அருகே அந்தத் தேயிலைத் தோட்டத்து லயங்கள் மேல் மலை சரிந்தது. எழுபது பேர் போனார்கள்; பெரும்பாலோர் தமிழ்நாட்டு வேர் கொண்ட நம் உறவுகள். தொலைபேசித் தொடர்பு அற்றுப்போயிருந்ததால் செய்தி வெளியே வந்தது மறுநாள் காலையில்தான். அந்த இரவில் எந்தக் காரின் ஹாட்ஸ்பாட்டும் உதவியிருக்காது. தோட்டத்து மக்களுக்கு மழையிலும் நிற்கிற டவரும், மின்சாரம் போனால் ஓடும் பேட்டரியும் வேண்டும் என்று நம் சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருப்பது அதனால்தான் முக்கியம்.

பேத்தி இப்போது எஞ்சினியரிங் முதல் வருடம் படிக்கிறாள். எலக்ட்ரானிக்ஸ் பிரிவு. சென்ற வாரம் போன் செய்து, "தாத்தா, ஹாஸ்டலில் வைஃபை கோடு முழுசா இருக்கு, இண்டர்நெட் வரல" என்றாள்.

"எந்த செக்‌ஷன் நல்லா இருக்குன்னு முதல்ல பாரும்மா" என்றேன்.

"பாத்துட்டேன் தாத்தா. பழுது என்கிட்ட இல்லை, வார்டன் ரூம்ல" என்று சிரித்தாள்.