ஓநாய் சொல்வதை நம்பலாமா?

மூன்று பன்றிக்குட்டிகளின் கதையில் காலம் காலமாகக் கெட்ட பெயர் வாங்கிவந்தது ஓநாய். 1989-ல் ஜான் ஷெஸ்கா எழுதி லேன் ஸ்மித் படம் வரைந்த 'தி ட்ரூ ஸ்டோரி ஆஃப் தி த்ரீ லிட்டில் பிக்ஸ்' என்ற அமெரிக்கப் படப்புத்தகம் அந்த ஓநாயையே வாக்குமூலம் கொடுக்க வைத்தது. பாட்டியின் பிறந்தநாளுக்குக் கேக் செய்துகொண்டிருந்ததாம். சர்க்கரை தீர்ந்துபோகவே பக்கத்து வீட்டில் ஒரு கப் கடன் கேட்கப் போனதாம். கடுமையான ஜலதோஷம், தும்மல் வந்துவிட்டது, வைக்கோல் வீடு சரிந்தது, உள்ளே பன்றி செத்துக் கிடந்தது, கண்ணெதிரே கிடக்கும் இறைச்சியை வீணாக்குவானேன் என்று சாப்பிட்டுவிட்டதாம். மற்றதெல்லாம் பத்திரிகைக்காரர்கள் ஜோடித்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேக் மாவு கலக்கும் பாத்திரத்தைப் படத்தில் பாருங்கள்: மாவுக்கு மேலே இரண்டு முயல் காதுகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை அங்கே எப்படி வந்தன என்று ஓநாய் சொல்வதில்லை. ஒரே சம்பவத்தை வேறு வேறு கண்கள் வழியே காட்டும் இவ்வகைப் புத்தகங்களை, 'பிறர் இடத்தில் நின்று பார்க்கக் கற்றுத்தருபவை' என்று சொல்லித்தான் பள்ளிகளும் பதிப்பகங்களும் பரிந்துரைக்கின்றன. அது பாதி உண்மை. அந்த முயல் காதுகள் செய்யும் வேலை இரக்கத்தை வளர்ப்பதல்ல. பேசுகிறவனின் பேச்சை அப்படியே விழுங்காமல் எடைபோடச் சொல்லிக்கொடுப்பது. இந்தப் புத்தகங்களின் உண்மையான பலம் அதில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

படப்புத்தகத்துக்கு மட்டும் இது எப்படிச் சாத்தியமாகிறது? அதில் கதைசொல்லிகள் இருவர்: எழுத்து ஒருவர், படம் ஒருவர். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இங்கிலாந்தின் பாட் ஹட்சின்ஸ் 1968-ல் வெளியிட்ட 'ரோசிஸ் வாக்' புத்தகத்தில் மொத்தமே 32 சொற்கள், ஒரே வாக்கியம். ரோசி என்ற கோழி பண்ணையைச் சுற்றி உலாவிவிட்டுச் சாப்பாட்டு வேளைக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். படத்திலோ முதலிலிருந்தே ஒரு நரி அதன் பின்னால் பதுங்கி வருகிறது; ஒவ்வொரு பாய்ச்சலிலும் எதிலாவது மாட்டிக்கொண்டு அடிபடுகிறது. நரி என்ற சொல் எழுத்தில் ஓரிடத்திலும் கிடையாது. இப்புத்தகத்தை வீட்டில் யார் யாருக்கு வாசிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எழுத்துத் தெரிந்த பெரியவரின் கண் வரியில் இருக்கிறது. எழுத்துத் தெரியாத குழந்தையின் கண் படத்தில் இருக்கிறது. ஆக, நரியை முதலில் பார்ப்பது பெரும்பாலும் குழந்தைதான். வாசிப்பவர் சொல்வது முழுக்கதை அல்ல என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. பெரியவர்களைவிடத் தனக்குக் கூடுதலாகத் தெரியும் என்ற நிலை குழந்தையின் அன்றாட வாழ்வில் அபூர்வம். இங்கே அது பக்கத்துக்குப் பக்கம் கிடைக்கிறது. ஜான் கிளாசனின் 'திஸ் இஸ் நாட் மை ஹேட்' (2012) இதை இன்னும் கூர்மையாக்குகிறது. பெரிய மீன் தூங்கும்போது அதன் தொப்பியைத் திருடிக்கொண்டு போகும் சின்ன மீன்தான் அதில் பேசுகிறது. அவன் எழுந்திருக்க மாட்டான் என்கிறது. அடுத்த படத்தில் பெரிய மீனின் கண் திறந்திருக்கிறது. நண்டு காட்டிக்கொடுக்காது என்று நம்புகிறது. நண்டின் கொடுக்கு அது போன திசையைக் காட்டுகிறது. கடைசியில் தொப்பி உரியவன் தலைக்குத் திரும்புகிறது. சின்ன மீன் என்ன ஆனது என்று எழுத்தும் சொல்லவில்லை, படமும் காட்டவில்லை.

இந்த உத்தியைத் தன் உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஆண்டனி பிரவுன் என்பேன். பிரிட்டிஷ் ஓவியரான இவர் 2000-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்றவர். 1977-ல் 'எ வாக் இன் த பார்க்' என்ற புத்தகம் போட்டார்: வசதியான வீட்டு அம்மாவும் அவள் மகன் சார்ல்ஸும், சாதாரண வீட்டு அப்பாவும் அவர் மகள் ஸ்மட்ஜும், தத்தம் நாய்களோடு பூங்காவுக்கு வருகிறார்கள். நாய்கள் உடனே ஓடிப்பிடித்து விளையாடுகின்றன, பிள்ளைகள் மெல்லச் சேர்கிறார்கள், பெரியவர்கள் பெஞ்சின் இரு கோடியில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே கதைசொல்லி, மனித உருவங்கள். 21 ஆண்டுகள் கழித்து, 1998-ல், இதே சம்பவத்தை 'வாய்சஸ் இன் த பார்க்' என்று திரும்ப எழுதினார். இம்முறை எல்லோரும் மனிதக்குரங்குகள். கதையை நான்கு பேரும் ஆளுக்கொரு முறை சொல்கிறார்கள். அம்மாவின் பகுதியில் இலையுதிர்காலம். எழுத்துரு பாடப்புத்தகம் போல விறைப்பாக இருக்கிறது. வேலை தேடி அலையும் அப்பாவின் பகுதி குளிர்காலம் போல வெளிறியது. எழுத்து கனத்துக் கிடக்கிறது. சார்ல்ஸ் பேசும்போது மேகமும் மரமும் விளக்குக் கம்பமும் அவன் அம்மாவின் தொப்பி வடிவிலேயே நிற்கின்றன. ஸ்மட்ஜின் பகுதியில் கோடை, கண்ணைப் பறிக்கும் நிறங்கள், கையெழுத்து போன்ற விளையாட்டு எழுத்து. அப்பா பூங்காவுக்குப் போகும் வழியில் சுவரில் சாத்தி வைத்த மோனாலிசா ஓவியம் அழுதுகொண்டிருக்கிறது. மகளோடு பேசிச் சிரித்துக்கொண்டு அவர் திரும்பும்போது அதே மோனாலிசா நடனமாடுகிறாள். அவர் மனம் தேறிவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு பத்தி எழுதியும் சொல்லிவிட முடியாது. பழைய புத்தகத்தில் பூங்கா என்பது எல்லோருக்கும் பொதுவான ஓர் இடம். புதியதில் அப்படியொரு பொதுப் பூங்கா எங்குமே வரையப்படவில்லை; நான்கு பேருடைய பூங்காக்கள்தான் இருக்கின்றன. அன்று உண்மையில் என்ன நடந்தது என்பதை நான்கையும் ஒட்டிப் பார்த்து வாசகர்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு சிக்கலை நான்கு வயதுக் குழந்தை தாங்குமா என்று கேட்பவர்களுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ழான் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் 1948-ல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையில், மேசைமேல் மூன்று மலை மாதிரிகளை வைத்து, எதிர்ப்புறம் உட்கார்ந்திருக்கும் பொம்மைக்கு மலைகள் எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். சிறு பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த காட்சியையே பொம்மைக்கும் தெரிவதாகச் சொன்னார்கள். ஏழெட்டு வயதுக்கு மேல்தான் சரியான விடை வந்தது. ஆனால் 1970-களில் எடின்பரோவில் மார்ட்டின் ஹியூஸ் இதே கேள்வியை வேறு வேஷத்தில் கேட்டார். குறுக்கும் நெடுக்குமாகச் சுவர்கள். இரண்டு போலீஸ் பொம்மைகள். ஒரு பையன் பொம்மையைப் போலீஸ் கண்ணில் படாமல் ஒளித்து வைக்க வேண்டும். மூன்றரை முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துக்கு ஒன்பது தடவை சரியாக ஒளித்தார்கள். மலையை யார் எப்படிப் பார்த்தால் பிள்ளைகளுக்கு என்ன? போலீஸிடமிருந்து ஒளிவது என்றால் அர்த்தம் இருக்கிறது, ஆபத்து இருக்கிறது. சோதனையில் கேள்வியாக வரும்போது திணறுவதையே கதையாக வந்தால் குழந்தை எளிதாகச் செய்துவிடுகிறது. நரியும் கோழியும், தொப்பித் திருடனும் பெரிய மீனும் அந்தப் போலீஸ் விளையாட்டின் உறவினர்களே. மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் இன்னொரு மாற்றமும் நடக்கிறது. ஹைன்ஸ் விம்மரும் ஜோசப் பெர்னரும் 1983-ல் ஒரு கதை சொல்லிச் சோதித்தார்கள்: பையன் அலமாரியில் வைத்த சாக்லேட்டை அவன் இல்லாதபோது அம்மா இடம் மாற்றிவிடுகிறாள், திரும்பி வந்து எங்கே தேடுவான்? மூன்று வயதில் பெரும்பாலோர் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டுகிறார்கள். அவன் பழைய இடத்தில்தான் தேடுவான் என்ற பதில் நான்கு, ஐந்து வயதில் நிலைபெறுகிறது. நரி பின்னால் வருவது ரோசிக்குத் தெரியுமா, தெரியாதா என்று கேட்டால் அதுவும் இதே கேள்விதான். பிரவுனின் நான்கு குரல்களுக்கு இன்னும் சற்றுப் பெரிய பிள்ளைகள் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கனமானது: எல்லோருக்கும் ஒரு நியாயம் உண்டு என்று சொல்லிச் சொல்லி, உண்மை என்று ஒன்றே இல்லை என்ற எண்ணத்தைப் பிஞ்சு மனத்தில் விதைக்கிறோமே? மோசமான புத்தகங்கள் அதைத்தான் செய்கின்றன. பழைய வில்லனை எடுத்து, 'பாவம், அவனுக்குச் சோகமான குழந்தைப் பருவம்' என்று ஒரு காரணத்தை ஒட்டிவிட்டால் புதுப்பார்வை ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நல்ல புத்தகங்கள் அப்படித் தப்பிக்க விடுவதில்லை. கிளாசனின் மீன் தன் பக்கத்து நியாயத்தை எவ்வளவு இனிக்கப் பேசினாலும், திருட்டு திருட்டாகவே இருக்கிறது. பெரிய மீன் விழித்துக்கொண்டது யாருடைய அபிப்பிராயமும் அல்ல. பிரெண்டன் வென்செலின் 'தே ஆல் சா எ கேட்' (2016) புத்தகத்தில் எலிக்குப் பூனை பற்கள் நிறைந்த பூதம். கண்ணாடித் தொட்டி மீனுக்கு இரண்டு பிரமாண்டக் கண்கள். தேனீக்குப் புள்ளிக் கூட்டம். தெள்ளுப்பூச்சிக்கு ரோமக் காடு. பார்வைகள் பலவானாலும் நடந்துபோவது ஒரே பூனை. நமக்குப் பழக்கமான யானையைத் தடவிய குருடர் கதையை எட் யங் 1992-ல் ஏழு எலிகளை வைத்துச் சொன்னார். ஆறு எலிகள் ஆளுக்கொரு நாள் போய்த் தூண், பாம்பு, விசிறி என்று ஆளுக்கொன்று சொல்ல, ஏழாவது எலி யானையின் உடம்பு முழுக்க ஓடிப் பார்த்துவிட்டு மற்றவர்கள் சொன்னதையெல்லாம் சேர்த்து விடை காண்கிறது. அங்கே உண்மை காணாமல் போகவில்லை. கூடுதலாக உழைத்தால்தான் கிடைக்கும் என்று ஆகிறது.

மூன்றாவது ஆட்சேபத்தில் நான் பாதி தோற்றுத்தான் ஆக வேண்டும். இவற்றைப் படித்தால் பிள்ளைகள் நல்லவர்களாகிவிடுவார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்துகொள்வதைப் பற்றிய ஒரே கதையை இருவிதமாக வாசித்தார்கள்: சட்டை போட்ட விலங்குகளோடு ஒன்று, மனிதர்களோடு ஒன்று. மனிதர் கதையைக் கேட்டவர்கள் தங்கள் ஸ்டிக்கர்களை முன்பைவிடக் கூடுதலாகப் பகிர்ந்தார்கள்; விலங்குக் கதை அந்தப் பலனைத் தரவில்லை. மனிதக்குரங்குகளை வரைந்த பிரவுனுக்கும் ஓநாயைப் பேசவைத்த ஷெஸ்காவுக்கும் இது பாதகமான சாட்சியம். ஆனால் குணம் திருந்துவதுதான் பயன் என்று எடுத்துக்கொண்டால் மட்டுமே பாதகம். சொல்பவனுக்கும் சொல்லப்படுவதற்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கவனிக்கப் பழகுவது வேறொரு திறன். அதற்கு ஓநாயே போதும், சொல்லப்போனால் ஓநாய்தான் வசதி. இந்தத் திறனைக் கெடுக்க நமக்குத் தெரிந்த சுலபமான வழி, கதை முடிந்ததும் 'இக்கதையால் அறியப்படும் நீதி யாதெனில்' என்று தொடங்குவது. எட் யங்கின் எலிப் புத்தகமே அப்படியொரு நீதி வாசகத்தோடுதான் முடிகிறது. அதற்கு முந்தைய பக்கங்கள் அவ்வளவு நன்றாகச் சொல்லிவிட்ட பிறகு அது எதற்கு என்று புரியவில்லை.

இதெல்லாம் மேல்நாட்டு உத்தி, நம் மரபுக்கு ஒட்டாது என்ற பேச்சும் உண்டு. ஆனால் சங்க அகப்பாடல்களில் புலவர் தம் குரலில் பேசுவதே இல்லை. தலைவி, தோழி, செவிலி, பரத்தை, வழியில் கண்டோர் என்று யாராவது ஒருவருடைய கூற்றாகவே பாட்டு அமைய வேண்டும். ஒரே உடன்போக்கைத் தாய் அழுது சொல்வாள், கண்டோர் வியந்து சொல்வார்கள். குறுந்தொகையில் கபிலரின் தலைவி தன் களவுக்குச் சாட்சியாக ஒரு குருகைத்தான் காட்டுகிறாள். நமக்குப் பழகிப்போன முறை இது. குழந்தைப் புத்தகத்துக்கு அதை நாம் அதிகம் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான்.

எனக்குப் பெரிதாகத் தெரியும் குறை வேறு. நான்கு குரல்கள் என்று போட்டாலும் எழுதும் கை ஒன்றுதான். இதற்கு ஒரு மாற்றைச் சென்னையின் தாரா புக்ஸ் 2004-ல் செய்து காட்டியது. மத்தியப் பிரதேசத்தின் பாடன்கர் கிராமத்தைச் சேர்ந்த கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷ்யாம், லண்டன் உணவகம் ஒன்றின் சுவர்களில் ஓவியம் தீட்டப் போய் இரண்டு மாதம் தங்கினார். அவர் கண்ட லண்டன்தான் 'தி லண்டன் ஜங்கிள் புக்'. நேரம் சொல்லும் பிக் பென் அவருக்குச் சேவல். பூமிக்கடியில் ஓடும் ரயில் மண்புழு. விமானம் பறக்கும் யானை. 1940-களில் வெரியர் எல்வின் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் இதே பாடன்கரில் தங்கிக் கோண்டு மக்களைப் பற்றி எழுதினார். பஜ்ஜுவின் தாத்தா அவரிடம் வேலை பார்த்தவர். பார்க்கப்பட்டவரின் பேரன் தூரிகையோடு போய்ப் பார்த்தவரின் நாட்டைப் பார்த்திருக்கிறார். வேறொருவர் எழுதிக்கொடுத்த குரலுக்கும் இதற்குமுள்ள வித்தியாசம் பக்கத்தைத் திருப்பினாலே தெரிகிறது.

அந்த வெளிச்சத்தில் பிரவுனிடம் திரும்பினால், அவர் நான்கு பேருக்கும் சமமாக இடம் கொடுத்தாரே தவிர, சமமாகப் பரிவு காட்டவில்லை என்பது புலப்படும். அப்பாவின் சோர்வுக்குக் காரணம் சொல்கிறார். அம்மாவின் விறைப்புக்குச் சொல்லவில்லை. அவள் வெறும் அகங்காரியாக வந்து போகிறாள். ஆனால் அவள் பகுதியை மட்டும் தனியே எடுத்து மறுபடி வாசித்தால், பூங்காவில் திடீரென்று மகனைக் காணாமல் பதறிக் கூப்பிடும் ஒரு தாயும் அதில் இருக்கிறாள். வகுப்பில் இப்புத்தகத்தை எடுக்கும் ஆசிரியர், எந்தக் குரல் பிடித்தது என்று கேட்பதற்குப் பதில், இந்த அம்மாவின் பக்கத்தைப் புத்தகம் சரியாகச் சொல்லியிருக்கிறதா என்று கேட்கலாம். ஓநாயைச் சந்தேகிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஆண்டனி பிரவுனையும் சந்தேகிப்பார்கள்.