சொல்லுக்குச் சொல் போதுமா?



விருத்தாசலம் என்னும் ஊர்ப்பெயரே ஒரு மொழிபெயர்ப்பாகும். முதுகுன்றம், பழமலை என்று தமிழில் வழங்கிய ஊரின் பெயர் வடமொழிக்குச் சென்றபோது, முதுமை 'விருத்த' என்றும், குன்றம் 'அசலம்' என்றும் ஆயின. சொல்லுக்குச் சொல் வைத்தும் பொருள் கெடவில்லை. ஆனால் பெயருக்குப் பொருந்திய இம்முறை வாக்கியத்துக்குப் பொருந்துவதில்லை. நாம் எழுதும் ஆங்கிலத்தில் நேரும் பிழைகளுட் பல, தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதால் விளைபவை. அவற்றுட் சிலவற்றை இன்று காண்போம்.

விருத்தாசலம் இன்று பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுக் கல்விக்கூடமும் அங்கு உண்டு. அவ்வூர்ப் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஒருவர், வடநாட்டு வணிகருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

'விலையைப் பற்றி விவாதித்தோம்' என்பது அவர் மனத்தில் எழும் தமிழ் வாக்கியம். 'பற்றி' என்பதற்கு 'அபவுட்' என்று வைத்து, 'வி டிஸ்கஸ்ட் அபவுட் தி பிரைஸ்' என எழுதிவிடுகிறார். ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்' என்னும் வினை தன் செயப்படுபொருளை நேரே ஏற்கும். 'பற்றி' என்னும் பொருள் அவ்வினைக்குள்ளேயே அடங்கியுள்ளது. ஆகவே 'வி டிஸ்கஸ்ட் தி பிரைஸ்' என்பதே போதும். 'ஆர்டர்', 'ரிக்வெஸ்ட்' என்னும் வினைகளும் இத்தகையனவே. 'வி ஆர்டர்டு ஃபார் எ ஹண்ட்ரட் ஜார்ஸ்' என்பது பிழை. 'ஃபார்' அங்கு வேண்டா. ஆயின் இச்சொற்கள் பெயராக நிற்கும்போது 'அன் ஆர்டர் ஃபார் எ ஹண்ட்ரட் ஜார்ஸ்' என்று எழுதுவது முறையே. பெயருக்கு உரியதை வினைக்கும் ஏற்றுவதே குழப்பத்துக்கு மற்றொரு காரணம்.

அடுத்து, 'எங்களிடம் மூன்று சூளைகள் இருக்கின்றன' என்பதை 'வி ஆர் ஹேவிங் த்ரீ கில்ன்ஸ்' என்று எழுதுகிறார். 'ஹேவ்' என்னும் சொல் உடைமையைக் குறிக்கும்போது தொடர்நிகழ்கால வடிவம் பெறுவதில்லை. 'வி ஹேவ் த்ரீ கில்ன்ஸ்' என்பதே சரி. 'வி ஆர் ஹேவிங் லஞ்ச்' என்றால் பிழையில்லை. அங்கே அச்சொல் உடைமையை அன்று, உண்ணுதல் என்னும் செயலைக் குறிக்கிறது.

தமிழில் 'தகவல்கள்', 'இயந்திரங்கள்' என்று பன்மையில் வழங்குகிறோம். அதனால் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'மெஷினரீஸ்' என்று எழுதத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் இவை எண்ணப்படாப் பெயர்கள். 'எக்விப்மென்ட்', 'ஃபர்னிச்சர்', பீங்கான் கலங்களைக் குறிக்கும் 'கிராக்கரி' ஆகியனவும் அவ்வாறே. எண்ணிச் சொல்ல வேண்டின், 'டென் பீசஸ் ஆஃப் கிராக்கரி' என்க. இது நமக்குப் புதுமையன்று. மூன்று குவளைப் பால் என்கிறோமேயன்றி, மூன்று பால்கள் என்று நாம் சொல்வதில்லை.

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, தமிழே நம் ஆங்கிலத்தைக் கெடுக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். 'ஒன் ஆஃப் அவர் கில்ன் இஸ் அண்டர் ரிப்பேர்' என்று பலர் எழுதுகின்றனர். தமிழில் 'எங்கள் சூளையில் ஒன்று' என்றா சொல்கிறோம்? 'எங்கள் சூளைகளில் ஒன்று' என்கிறோம். பலவற்றுள் ஒன்றைப் பிரித்துரைக்கையில் முன்னது பன்மையாக வேண்டும் என்பது இரு மொழிக்கும் பொது. ஆங்கிலத்திலும் 'ஒன் ஆஃப் அவர் கில்ன்ஸ்' என்றே எழுதுக. பேசப்படும் சூளை ஒன்றே ஆதலால், அதன் வினை 'இஸ்' என ஒருமையிலேயே நிற்கும்.

'டில்' என்பதையும் 'பை' என்பதையும் மயங்க எழுதுவது இன்னொரு பிழை. இதனால் பொருளிழப்பும் நேரும். சரக்கு 10ஆம் தேதிக்குள் ஆயத்தமாகிவிடும் என்று சொல்லக் கருதிய நம் இளைஞர், 'தி கூட்ஸ் வில் பி ரெடி டில் தி டென்த்' என எழுதிவிட்டார். அதற்குப் பொருள், சரக்கு 10ஆம் தேதி வரை ஆயத்தமாக இருக்கும் என்பது. கடிதத்தை நம்பி 5ஆம் தேதியே லாரியை அனுப்பிய வணிகர், சூளை இன்னும் எரிந்துகொண்டிருப்பதைக் காண்பார். லாரி வாடகை வீண். அடுத்த முறை அவர் வேறு பட்டறையை நாடினாலும் வியப்பில்லை. 'க்குள்' என்பதற்குப் 'பை'. 'வரை' என்பதற்கு 'டில்'. இவ்வேறுபாட்டைத் தமிழ் தெளிவாகவே காட்டுகிறது. எழுதுமுன் தமிழில் ஒருமுறை எண்ணிப் பார்த்திருந்தால் இப்பிழை நேர்ந்திராது.

ஆகவே மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். முதலாவது, ஒரு வினைச்சொல்லைக் கற்கும்போது, அது செயப்படுபொருளை நேரே ஏற்குமா என்பதையும் அகராதியில் காணுங்கள். இரண்டாவது, பெயர்ச்சொல்லைக் கற்கும்போது, அது எண்ணப்படுவதா எனக் கேளுங்கள். மூன்றாவது, ஐயம் எழுந்தால், கருதிய பொருளை முதலில் பிழையற்ற தமிழில் எழுதிப் பாருங்கள். அங்கே கருத்துத் தெளிந்தபின், அதற்கு ஏற்ற ஆங்கில அமைப்பைத் தேடுங்கள். தாய்மொழி இலக்கணம் அறிந்தவர்க்குப் பிறமொழி இலக்கணம் எளிதில் வசப்படும்.

பீங்கான் தொழிலாளர் அறிந்த உண்மை ஒன்றுண்டு. சூளைக்குச் செல்லாத மண்கலம் பழுதுபட்டால், அதை நீரில் கரைத்து மீண்டும் வனையலாம். சுட்டபின் அது இயலாது. அஞ்சலில் சேராத கடிதமும் அத்தகையதே. அனுப்புமுன் ஒருமுறை படித்துத் திருத்துங்கள்.