கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு 555 நோட்டு

பில் இயந்திரம் வெறும் வெள்ளைத் தாளாகத் துப்பிக்கொண்டிருந்தால், ரிப்பேர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் அந்தத் தாளை நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்க்கலாம். கறுப்பாகக் கோடு விழுந்தால் அதுதான் அச்சாகும் பக்கம். விழவில்லையென்றால் மறுபக்கம் கீற வேண்டும். கடைகளில் இருக்கும் சின்ன பில் இயந்திரங்களுக்கு மை கிடையாது. தாளின் ஒரு பக்கத்தில் பூசியிருக்கும் ரசாயனம் சூடு பட்டதும் கறுக்கும், அவ்வளவுதான். சுருளைத் தலைகீழாக மாட்டிவிட்டாலும் இயந்திரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். எழுத்து மட்டும் வராது. மதியச் சாப்பாட்டுக் கூட்டத்தில், கல்லாவுக்கு முன் பத்துப் பேர் நிற்கும்போது, இதை நிதானமாக யோசித்துப் பார்க்க யாருக்கு முடிகிறது?

அந்தத் தாளில் இன்னொரு வம்பும் இருக்கிறது. சூட்டில் கறுக்கும் தாள் நாளடைவில் வெளுத்தும் போகும். மொத்த வியாபாரி கொடுத்த ரசீதை வேனின் முன்கண்ணாடி ஓரத்தில் வெயிலில் போட்டு வைத்தால் அது சீக்கிரமே வெற்றுத் தாளாகிவிடும். மலேசிய வருமான வரிச் சட்டமோ வியாபாரக் கணக்குகளையும் ரசீதுகளையும் ஏழு ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. அந்த ஏழு ஆண்டுகளுக்குள் அதிகாரி கேட்கும்போது வெள்ளைத் தாளை நீட்ட முடியாது. அன்றன்றைய ரசீதுகளை மேசையில் பரப்பி, கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துவிடலாம். ஐந்து நிமிட வேலை.

குளுவாங்கில் இந்த ஐந்து நிமிடம்தான் கிடைக்காத பொருள். பழந்தின்னி வௌவாலுக்கு மலாயில் உள்ள பெயரையே தன் பெயராகக் கொண்ட இந்த ஜொகூர் நகரம், ரப்பரும் செம்பனையும் சூழ வளர்ந்தது. 1938-இல் ரயில் நிலையத்தில் தொடங்கிய காப்பிக்கடையின் பெயரைச் சொன்னால் ஊர் பெயரும் கூடவே வரும். அந்தக் காப்பிக்கடை பெரிய வணிகப் பெயராக வளர்ந்துவிட்டது. அதைச் சுற்றியுள்ள ஒட்டுக்கடை, பூக்கடை, தையற்கடை, முடிதிருத்தகம், மசாலா அரைக்கும் மில் எல்லாம் இன்னும் ஒருவரோ இருவரோ ஓட்டும் தொழில்கள். ஆண்டு விற்பனை 3 லட்சம் ரிங்கிட்டுக்குக் கீழே இருந்தாலோ, முழுநேர ஊழியர் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தாலோ அரசாங்கக் கணக்கில் அது குறுந்தொழில். பெரிய நிறுவனத்தில் கணினிக்கென்று தனிப் பிரிவே இருக்கும். குறுந்தொழிலில் அந்தப் பிரிவும் தோசை சுடுகிறவர்தான்.

கல்லாவில் இப்போது அடிக்கடி கேட்கும் உரையாடல் ஒன்று உண்டு. “போட்டுட்டேன் அக்கா, பாருங்க.” “இன்னும் வரலயே தம்பி.”

மலேசியாவின் பொதுவான கியூஆர் முறையான டுயிட்நாவ் கியூஆரைப் பேநெட் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்தது. எந்த வங்கியின் செயலியிலிருந்தும், எந்த மின்பணப்பையிலிருந்தும் ஒரே சதுரத்தை ஸ்கேன் செய்து பணம் கட்டலாம். 2023 மார்ச் 31 முதல் சிங்கப்பூர்ச் செயலிகளிலும் இங்குள்ள கியூஆரை ஸ்கேன் செய்ய வழி வந்தது. வார இறுதியில் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கும் குடும்பங்களை நம்பியிருக்கும் ஜொகூர்க் கடைகளுக்கு இது பெரிய வசதி. ஆனால் வாடிக்கையாளரின் திரை “வெற்றி” என்று சொல்லி, கடைக்காரரின் திரை எதுவும் சொல்லாத அந்த அரை நிமிடத்தில் இரண்டு பேருக்குமே முகம் மாறிப் போகிறது. சந்தேகப்பட்டால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார். சந்தேகப்படாவிட்டால் பழைய பரிமாற்றத்தின் படத்தைக் காட்டி ஏமாற்றுகிறவரிடம் மாட்ட நேரும்.

சிக்கலின் வேர் பெரும்பாலும் கடை எப்படி நடக்கிறது என்பதில் இருக்கிறது. முதலாளியின் பெயரில் கணக்கு, முதலாளியின் கைப்பேசிக்கு அறிவிப்பு. அவரோ காலையில் மார்க்கெட்டுக்குப் போயிருப்பார். கல்லாவில் நிற்கும் பிள்ளைக்குப் பணம் வந்ததா இல்லையா என்று பார்க்க வழியே இல்லை. வாடிக்கையாளர் நீட்டும் திரையைத்தான் பார்க்கிறது. கடைக்கென்று ஒரு மலிவான கைப்பேசி வைத்து, பணம் எடுக்கும் அதிகாரமில்லாமல் வரவை மட்டும் பார்க்கும்படி வணிகச் செயலியில் ஊழியர் கணக்குத் திறந்து கொடுத்தால் பாதிச் சச்சரவு அடங்கிவிடும். வரவை உரக்க அறிவிக்கும் சிறு ஒலிப்பெட்டிகளும் இப்போது கிடைக்கின்றன. சத்தம் எரிச்சலாக இருக்கும். ஆனால் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கிறது என்பதுதான் அதன் பலம்.

நிஜமாகவே கோளாறு என்றால், அது எங்கே என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளருக்கு லைன் இல்லையா, கடையின் வைஃபை படுத்துவிட்டதா, வங்கியே முடங்கிவிட்டதா? வைஃபையை அணைத்துவிட்டு டேட்டாவில் செயலியைத் திறந்து பார்த்தால் இரண்டாவது கேள்விக்கு உடனே விடை கிடைக்கும். அடுத்த வாடிக்கையாளரின் பணம் ஒழுங்காக வந்தால் முந்தையவரின் பக்கம்தான் சிக்கல். இரண்டிலும் தேறாவிட்டால் வங்கி. அதற்காகத்தான் வெவ்வேறு வங்கிகளின் இரண்டு கியூஆர் வைத்துக்கொள்வது நல்லது: ஒன்று கல்லாவில், மற்றது மேசை இழுப்பறைக்குள். கியூஆர் பொதுவானது என்பதால் வாடிக்கையாளருக்கு எதுவானாலும் ஒன்றுதான். காலையில் கடை திறந்ததும் ஒட்டியிருக்கும் கியூஆரைத் தானே ஒருமுறை ஸ்கேன் செய்து, தன் கடைப் பெயர் வருகிறதா என்று பார்த்துக்கொள்வதும் நல்ல பழக்கம். மேலே வேறொருவரின் கியூஆரை ஒட்டிவிட்டுப் போகிற திருடர்களும் இருக்கிறார்கள்.

இதெல்லாம் அன்றாடத் தொல்லை. கடைக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்தது வேறு: வரி வாரியத்துக்கு இணையவழி அனுப்ப வேண்டிய இ-இன்வாய்ஸ்.

உள்நாட்டு வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்ட் 1-இல் மிகப் பெரிய நிறுவனங்களிலிருந்து இதைத் தொடங்கியது. 2025 ஜனவரி, 2025 ஜூலை, 2026 ஜனவரி என்று படிப்படியாகக் கீழே இறங்கி வந்தது. யாருக்கு விலக்கு என்ற எல்லையும் நகர்ந்துகொண்டே இருந்தது. முதலில் ஆண்டு விற்பனை 1,50,000 ரிங்கிட்டுக்குக் கீழ் என்றார்கள், பிறகு 5,00,000 என்றார்கள், 2025 டிசம்பரில் பத்து லட்சம், அதாவது ஒரு மில்லியன் ரிங்கிட் என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். ஒரு மில்லியன் என்றதும் மலைப்பாக இருக்கும். கணக்குப் போட்டால் தெளிந்துவிடும். வருடம் முழுவதும் லீவே விடாமல் திறக்கும் கடைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,740 ரிங்கிட் வியாபாரம். குளுவாங்கின் பூக்கடையும் தையற்கடையும் அந்த எல்லைக்கு அருகில்கூட வராது. கூட்டம் அலைமோதும் வாழையிலைக் கடை வந்துவிடலாம்.

வந்தாலும், ஒவ்வொரு தே தாரிக்குக்கும் இ-இன்வாய்ஸ் போட வேண்டும் என்று பயப்பட வேண்டியதில்லை. வாடிக்கையாளர் கேட்காத விற்பனைகளை எல்லாம் சேர்த்து, மாதம் முடிந்த ஏழு நாளுக்குள் ஒரே தொகுப்பாக அனுப்பலாம். 10,000 ரிங்கிட்டைத் தாண்டும் ஒற்றை விற்பனைக்கு மட்டும் 2026 முதல் தனியாகப் போட்டாக வேண்டும். கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தவறாகப் போட்டதை 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்துகொள்ளலாம். வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் இலவசம். “சட்டம் கட்டாயமாக்கிவிட்டது, எங்கள் மென்பொருளை இன்றே வாங்குங்கள்” என்று வாசலில் வந்து நிற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இலவசமாகக் கிடைப்பதைவிட இதில் என்ன கூடுதல் என்பதுதான்.

அவசரப்பட்டவர்களின் கதை இந்த நாட்டில் புதிதல்ல. 2015 ஏப்ரல் 1-இல் ஆறு விழுக்காட்டு ஜிஎஸ்டி வந்தபோது கடைகள் அதற்கென்று கணக்கு மென்பொருளும் புதுப் பில் இயந்திரமும் வாங்கின. உட்கார்ந்து பயிற்சியும் எடுத்தன. மூன்றே ஆண்டில், 2018 ஜூன் 1-இல், வரி சுழியமானது. செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. அந்த மென்பொருளுக்குள் இருந்த மூன்று வருடக் கணக்கை வெளியே எடுக்க முடிந்தவர் பிழைத்தார். ஆகவே எதை வாங்கினாலும், விற்பவரிடம் ஒன்றைக் காட்டச் சொல்ல வேண்டும்: கணக்கு முழுவதையும் எக்செல் தாளாக எடுத்துத் தரும் பொத்தான் எங்கே இருக்கிறது? அவர் தலையைச் சொறிந்தால் வேறு ஆளைப் பார்க்கலாம்.

இயந்திரத்தின் கணக்கு மட்டுமே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி பிரிட்டனில் இருக்கிறது. அங்கே ஊர் ஊராக, பெரும்பாலும் மளிகைக் கடையோடு சேர்த்து, கிளை அஞ்சலகம் நடத்துகிறவர்கள் உண்டு. நம்மூர்க் கடைக்காரர் மாதிரிதான். 1999-இலிருந்து அவர்கள் கடைகளுக்கு ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறை வந்தது. ஃபுஜித்சு நிறுவனம் செய்து கொடுத்தது. அதில் பிழைகள் இருந்தன. எடுக்காத பணத்தை எடுத்ததாகத் திரை காட்டியது. உதவி எண்ணுக்கு அழைத்தவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், வேறு யாருக்கும் இந்தச் சிக்கல் இல்லை, உங்களுக்கு மட்டும்தான் என்பது. சிலர் வீட்டை அடகு வைத்து இல்லாத கடனைக் கட்டினார்கள். 2015 வரை திருட்டு, பொய்க் கணக்கு என்று 900-க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள்.

வேல்ஸில் அஞ்சலகம் நடத்திய ஆலன் பேட்ஸ் அந்தத் திரையை நம்ப மறுத்தார். கணக்கு உதைத்தபோது தாள்களை அச்செடுத்து, வரி வரியாகப் பார்த்து, பிழை இயந்திரத்தினுடையது என்று வாதாடினார். 2003-இல் அவருடைய ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள். விடவில்லை. அவர் திரட்டிய குழு நீதிமன்றம் போனது. 2019-இல் ஹொரைசனில் பிழைகள் இருந்ததை நீதிபதி உறுதி செய்தார். 2024-இல் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யத் தனிச் சட்டமே வந்தது. வழக்குத் தொடுத்தவர்களின் எண்ணிக்கை மலேசியர்களுக்கு உடனே மனத்தில் பதியும்: 555 பேர்.

மலேசியாவில் 555 என்றால் சட்டைப் பையில் அடங்கும் கடன் நோட்டு. மலாயில் “தீகா லீமா” புத்தகம். தோட்டத்தில் சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை. அரிசியும் பருப்பும் தினமும் வேண்டும். கடைக்காரர் அந்தக் குட்டி நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுப்பார், சம்பள நாளில் கோடு போட்டு அடிப்பார். அழிந்தது, கிழிந்தது, எழுத மறந்தது என்று அதிலும் சண்டை வந்ததுண்டு. அதைத் தங்கமாகப் போற்ற வேண்டியதில்லை. ஆனால் அதைப் படிக்க மின்சாரமும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம்.

இரண்டாவது கணக்காக அது இன்றைக்கும் உதவும். கடையை மூடும்போது ஒரு வரி போதும்: ரொக்கம் எவ்வளவு, கியூஆர் எவ்வளவு, இயந்திரம் சொன்ன மொத்தம் எவ்வளவு. மூன்றாவது எண் முதல் இரண்டின் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போகாத இரவில், எந்த நாளில் தவறு தொடங்கியது என்று தெரிந்துவிடும். மூன்று மாதம் கழித்துத் தேடினால் தெரியாது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் வேறொரு பட்டியல் இருக்க வேண்டும். இணையக் கணக்கின் எண் என்ன, யார் பெயரில் இருக்கிறது? பில் மென்பொருளின் உரிம எண் என்ன? கடையின் பேஸ்புக் பக்கத்தையும் கூகள் வரைபடத்தில் உள்ள இடத்தையும் எந்த மின்னஞ்சலில் பதிந்தார்கள்? முன்பு வேலை பார்த்த பையனின் மின்னஞ்சலில் பதிந்து, அவன் சிங்கப்பூருக்குப் போன பிறகு கடை நேரத்தைக்கூட மாற்ற முடியாமல் தவிக்கும் கடைகள் எத்தனையோ! கடவுச்சொற்களை மட்டும் இந்தப் பக்கத்தில் எழுதாமல் வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. கல்லாப் பக்கம் பலர் வந்து போவார்கள்.

பிறகு, இடி. உலகில் மின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. பருவமழை மாறும் மாதங்களில் மாலை மூன்று மணிக்கு மேல் குளுவாங் வானம் குனோங் லம்பாக் பக்கம் கறுத்துக்கொண்டு வரும். இப்போதைய கண்ணாடியிழைக் கம்பி மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் மோடத்துக்கு மின்சாரம் வரும் கம்பி கடத்தும். கறுக்கும்போதே பிளக்கைப் பிடுங்குவதுதான் உத்தமம். கடை ஓடிக்கொண்டிருக்கும்போது அது முடியாதென்றால், மின்னெழுச்சித் தடுப்புள்ள பலகையில் செருகலாம். மோடத்துக்கென்றே வரும் சின்ன மின்கலப் பெட்டி ஒன்று இருந்தால், கரண்டு போனாலும் இணையம் கொஞ்ச நேரம் தாங்கும்.

கணினிக்கும் வயதாகும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான பாதுகாப்பு ஆதரவை 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டது. பழைய பில் கணினி அதற்கு மேலும் ஓடும். ஆனால் அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே என்ற செயலிக் கோப்பைத் தொடவே கூடாது. தொட்டுப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997 என்ற தேசிய மோசடி உதவி எண்ணை அழைக்க வேண்டும், நிமிடங்கள்தான் கணக்கு. சாவகாசமாகக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாடி மையங்கள் இருக்கின்றன. முன்பு வேறு பெயர்களில் இயங்கிய சமூக இணைய மையங்கள்தான் இவை. அதைவிட அருகில் இருப்பது பக்கத்துக் கடை. “உங்களுக்கும் லைன் இல்லையா?” என்று வாசலில் நின்று குரல் கொடுத்தால், சிக்கல் நமக்கு மட்டுமா எல்லோருக்குமா என்பது உடனே தெரிந்துவிடும். ஹொரைசனில் சிக்கிய அஞ்சலகக்காரர்கள் ஆளுக்கொரு ஊரில் தனித்தனியாக இருந்தார்கள். அவர்களுக்கு அது தெரியவே வருடக்கணக்கானது.

லைன் திரும்பி வந்ததும் கல்லாவில் இருப்பவர் நோட்டைப் பிரித்து, அந்த ஒரு மணி நேர விற்பனையை இயந்திரத்தில் ஏற்றுவார். மூன்று வாழையிலைச் சாப்பாடு, ரொக்கம். இரண்டு தே தாரிக், ரொக்கம். கீழே அவசரக் கையெழுத்தில் ஒரு வரி: நீலச் சட்டை, பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர், 18.50, கியூஆர் வரவில்லை, நாளைக்குத் தருவார்.