பக்கிங்காம் அரண்மனைக்கு வீட்டு வரி எவ்வளவு தெரியுமா?

மொத்தம் 775 அறைகள். அதில் குளியலறை மட்டுமே 78. வாசலில் கரடித்தோல் தொப்பியோடு காவலர்கள். இவ்வளவு பெரிய பக்கிங்காம் அரண்மனைக்கு 2024-25ஆம் ஆண்டின் கவுன்சில் வரி, அதாவது உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி, 2,000 பவுண்டைக்கூடத் தொடவில்லை! அதே ஆண்டில் இங்கிலாந்தின் 'டி' பிரிவு வீட்டுக்கு, அதாவது வாத்தியாரும் நர்ஸும் கடன் வாங்கி வாங்குகிற வீட்டுக்கு, சராசரி வரி 2,171 பவுண்டு. அரண்மனை இருப்பது வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் எல்லைக்குள். நாட்டிலேயே மிகக் குறைந்த வரி போடும் கவுன்சில்களில் அதுவும் ஒன்று.

இதைவிட வேடிக்கை, வீட்டின் மதிப்பைக் கணக்கிடும் முறை. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இன்றுவரை கணக்கில் இருப்பது 1991 ஏப்ரல் 1 அன்று வீடு என்ன விலை போயிருக்கும் என்பதுதான். ஆம், முட்டாள்கள் தினமேதான்! போன மாதம் கட்டி முடித்த அடுக்குமாடி வீடாக இருந்தால்? 'இது 1991இல் இருந்திருந்தால் என்ன விலை?' என்று அதிகாரிகள் உட்கார்ந்து கற்பனைக் கணக்குப் போடுகிறார்கள். அன்றைக்கு அந்த மதிப்பீட்டை எப்படி முடித்தார்கள் தெரியுமா? லட்சக்கணக்கான வீடுகளுக்குள் யாரும் காலெடுத்து வைக்கவில்லை. காரை இரண்டாவது கியரில் உருட்டிக்கொண்டே தெருவைப் பார்த்து, 'இது சி, அது டி' என்று குறித்துக்கொண்டு போனார்கள். 'செகண்ட் கியர் மதிப்பீடு' என்றே அதற்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது. அப்படிப் போட்ட எழுத்துதான் 30 ஆண்டுக்கும் மேலாகக் கோடிக்கணக்கான குடும்பங்களின் வரியைத் தீர்மானிக்கிறது.

இங்கிலாந்தில் ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவுகள். 1991 விலையில் 3,20,000 பவுண்டைத் தாண்டிவிட்டால் எல்லாமே எச்தான். அதற்கு மேல் மாளிகையும் ஒன்று, அரண்மனையும் ஒன்று. வேல்ஸ் மட்டும் 2003 விலையை வைத்து மறுமதிப்பீடு செய்து, 2005இல் ஒன்பதாவது பிரிவையும் சேர்த்தது. வட அயர்லாந்தில் இந்த வரியே கிடையாது, பழைய 'ரேட்ஸ்' முறைதான். இங்கிலாந்தும் 2007இல் புதுக் கணக்கு எடுப்பதாக இருந்தது, 2005இலேயே கைகழுவிவிட்டார்கள். இப்போதுதான் 20 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 2028 முதல் கூடுதல் வரி என்று அறிவித்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இது பூச்சு வேலை. அஸ்திவாரம் இன்னும் 1991தான்.

ஏன் எந்த அரசும் தொடப் பயப்படுகிறது? சூடு கண்ட பூனை! பிரதமர் மார்கரெட் தாட்சர் வீட்டுக்குப் பதில் தலைக்கு வரி போட்டார். முதலில் 1989இல் ஸ்காட்லாந்தில், அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும். கோடீஸ்வரருக்கும் அவர் வீட்டைப் பெருக்குபவருக்கும் ஒரே தொகை. 1990 மார்ச் 31 அன்று டிராஃபல்கர் சதுக்கம் கலவர பூமியானது. நவம்பரில் தாட்சர் பதவி விலகினார். மக்களின் கோபத்தைத் தணிக்கத் தலைவரியைக் குறைத்தார்கள். அந்தத் துண்டை அடைக்க 1991இல் வாட் வரியை 15 சதவீதத்திலிருந்து 17.5 ஆக உயர்த்தினார்கள். உள்ளூர் வரி ஒன்று கிளப்பிய கோபத்தில் கடைக்காரர் பில்லும் ஏறியது! 1993இல் அவசரமாகப் பிறந்ததுதான் இன்றைய கவுன்சில் வரி.

சரி, கவுன்சிலர் வரி பாக்கி வைத்தால் என்ன ஆகும்? பட்ஜெட் கூட்டத்தில் கை தூக்க முடியாது! இரண்டு மாதப் பாக்கி இருந்தாலே, 'எனக்கு இந்தச் சட்டப் பிரிவு பொருந்துகிறது' என்று சபையில் எழுந்து அறிவிக்க வேண்டும். வரி பற்றிய தீர்மானத்தில் வாக்களிக்கக் கூடாது. மீறினால் கிரிமினல் குற்றம், அபராதம். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் 106ஆவது பிரிவு இது. மொத்தச் சட்டத்திலும் எனக்குப் பிடித்த பிரிவு இதுதான்.

வரியை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. பெரிய கவுன்சில்களுக்கு இப்போது பொதுவான வரம்பு 5 சதவீதம். அதில் 2 சதவீதம் முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்புக்கே. அரசின் சிறப்பு அனுமதி இல்லாமல் அதைத் தாண்ட வேண்டுமானால் ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். துணிந்து நடத்தியது யார் தெரியுமா? பெட்ஃபோர்ட்ஷயர் போலீஸ் ஆணையர், 2015 மே மாதம். கவுன்சில் வரியில் போலீஸுக்குப் போகும் பங்கை 15.8 சதவீதம் ஏற்றலாமா என்று கேட்டார். சுமார் 70 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்று குத்திவிட்டார்கள்!

இனி வருவது தலைசுற்றும் கணக்கு. கவுன்சிலின் நிதி அதிகாரி ஒரே ஒரு அறிக்கை எழுதினால் மொத்தக் கஜானாவும் உறைந்துவிடும். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் '114 நோட்டீஸ்' அது. மேயரோ ஆளுங்கட்சியோ தடுக்க முடியாது. 21 நாளுக்குள் கவுன்சில் கூடிப் பேச வேண்டும்; அதுவரை புதுச் செலவுக்கு ஒப்பந்தம் போடக் கூடாது. நார்தாம்ப்டன்ஷயர் 2018இல் ஒன்றல்ல, இரண்டு நோட்டீஸ் வாங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் 53 மில்லியன் பவுண்டில் பளபள தலைமையகம் திறந்திருந்தார்கள்! கட்டடத்தை விற்று, அதிலேயே வாடகைக்கு உட்கார்ந்தார்கள். 2021இல் அந்தக் கவுன்சிலையே கலைத்து இரண்டாக்கிவிட்டார்கள். வோக்கிங் என்ற ஊர் கடன் வாங்கி ஹோட்டலும் கோபுரக் கட்டடங்களும் எழுப்பியது. மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். 2023இல் அறிவித்த பற்றாக்குறை 1.2 பில்லியன் பவுண்டு. தலைக்கு 11,000 பவுண்டுக்கு மேல்!

ஆனால் பர்மிங்காம் கதைக்கு ஈடில்லை. 1873இல் ஜோசப் சேம்பர்லேன் மேயரானார். மூன்றே ஆண்டில் எரிவாயுவையும் குடிநீரையும் தனியாரிடமிருந்து ஊருக்கு வாங்கிவிட்டார். 1904இல் வேல்ஸ் மலைகளிலிருந்து 118 கிலோமீட்டர் தூரம் பம்ப் எதுவும் இல்லாமல், சரிவை மட்டுமே நம்பித் தண்ணீரை ஊருக்கு ஓட்டி வந்தார்கள். அப்படிப்பட்ட ஊர், ஐரோப்பாவிலேயே பெரிய உள்ளாட்சி என்று பெயரெடுத்த ஊர், 2023 செப்டம்பரில் 114 நோட்டீஸ் கொடுத்தது. முக்கியமான காரணங்களில் ஒன்று, சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலை செய்த பெண்களுக்குப் பல ஆண்டுகள் கொடுக்காமல் விட்ட சம ஊதியம். குப்பை அள்ளிய ஆண்களுக்குப் போனஸ் போனது, அந்தப் பெண்களுக்குப் போகவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 100 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தும் தீரவில்லை. 2024இல் அரசின் சிறப்பு அனுமதியோடு வரி 9.99 சதவீதம் ஏறியது. 2025 மார்ச்சில் குப்பை ஊழியர்கள் முழு வேலைநிறுத்தத்தில் இறங்க, தெருவில் 17,000 டன் குப்பை! பூனை அளவு எலி என்று பத்திரிகைகள் எழுதின.

ஒன்றைக் கவனியுங்கள். கஜானா உறைந்த அன்றும் பர்மிங்காம் நிறுத்தாத செலவு ஒன்று உண்டு: ஆபத்தில் இருக்கும் குழந்தைகள், முதியோர் பாதுகாப்பு. அது சட்டக் கடமை. வரி குப்பை வண்டிக்குப் போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல பெரிய கவுன்சில்களில் பாதிக்கு மேல் விழுங்குவது இந்தப் பராமரிப்புதான்.

அது எவ்வளவு நுணுக்கம் தெரியுமா? பேப்பர் போடும் 13 வயதுப் பையனுக்குக்கூடக் கவுன்சில் பர்மிட் வேண்டும்! காலை ஏழு மணிக்கு முன்னால் தெருவில் இறங்கக் கூடாது. பள்ளிக்கு முன் ஒரு மணி நேரம், பள்ளி நாளில் மொத்தம் இரண்டு மணி நேரம். மேடையில், படப்பிடிப்பில் நடிக்கும் குழந்தைக்கும் கவுன்சில் உரிமம். பெற்றோரோ ஆசிரியரோ உடன் இல்லையென்றால் கவுன்சில் ஒப்புதல் பெற்ற துணையாள் கூடவே நிற்க வேண்டும். டாக்ஸி ஓட்டுநரின் குற்றப் பின்னணியை அலசுவதும் கவுன்சில்தான். இதன் பின்னால் வேதனை இருக்கிறது. ரோதர்ஹாமில் 1997 முதல் 2013 வரை சுமார் 1,400 குழந்தைகள் சீரழிக்கப்பட்டதை 2014 விசாரணை அறிக்கை வெளிக்கொண்டு வந்தது. டாக்ஸிகளின் பங்கும் அதில் அம்பலமானது. இன்று அந்த ஊர் டாக்ஸிகளில் கேமரா கட்டாயம்.

காப்பகத்தில் வளரும் குழந்தைக்குச் சட்டப்படி பெற்றோர் ஸ்தானத்தில் இருப்பது கவுன்சில். அதனால்தான் அங்கே வளர்ந்து வெளியேறும் இளைஞருக்கு 25 வயது வரை கவுன்சில் வரியே வேண்டாம் என்று பல ஊர்கள் தீர்மானம் போட்டிருக்கின்றன. பிள்ளையிடம் யார் வரி வாங்குவார்கள்?

இதற்கும் நம்ம சென்னைக்கும் உறவு உண்டு, தெரியுமா? 1688 செப்டம்பர் 29 அன்று மதராஸ் மாநகராட்சி பிறந்ததே வரிக்காகத்தான்! ஜனங்கள் தாங்களே தங்களுக்கு வரி போட்டுக்கொண்டால் ஐந்து ஷில்லிங் தருவார்கள், அதிகாரமாகக் கேட்டால் ஆறு பென்ஸுக்கே முகம் சுளிப்பார்கள் என்று கணக்குப் போட்டவர் லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனித் தலைவர் ஜோசையா சைல்ட். லண்டன் பாணியிலேயே மேயர், ஆங்கிலேயர், போர்ச்சுகீசியர், யூதர், இந்து வணிகர் எல்லாம் சேர்ந்த 12 ஆல்டர்மேன்கள். ஜோர் ஏற்பாடு! வசூல் மட்டும் சைல்ட் கணக்குப்படி நடக்கவில்லை.

உங்கள் மகனோ மகளோ லண்டன் பக்கம் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். தனியாகக் குடியிருந்தால் வரியில் 25 சதவீதம் தள்ளுபடி. வீட்டில் எல்லோருமே முழுநேர மாணவர் என்றால் வரியே கிடையாது. பத்துத் தவணையில் கட்டுபவருக்கு வழக்கமாகப் பிப்ரவரியும் மார்ச்சும் விடுமுறை. பிரிவு தவறு என்று தோன்றினால் முறையிடலாம். ஆனால் அக்கம்பக்கத்தை விசாரிக்காமல் இறங்க வேண்டாம், பிரிவு மேலே ஏறவும் வாய்ப்புண்டு. தள்ளுபடி தானாகத் தேடி வராது. விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.